செருப்பு அடுக்குவது தொண்டா?

அன்று வெள்ளிக்கிழமை. பூஜை முடிந்து அன்னதானம் நடந்துகொண்டிருந்தது. என் தம்பி வழக்கம்போல கோவில் வாசலில் உட்கார்ந்து, வந்தவர்களின் செருப்புகளை ஜோடி சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தான். நிர்வாகத்தில் இருக்கும் ஒரு பெரியவர் அம்மாவிடம் வந்து சொன்னார்: "எதுக்கும்மா இவனுக்காக இனிமே ஸ்கூலு, கோர்ஸுன்னு அலையிறீங்க? தினமும் இங்க அனுப்பி வைங்க. சாப்பாடு இருக்கு, நாங்க பாத்துக்குறோம். அவனுக்கும் புண்ணியம், உங்களுக்கும் நிம்மதி."

அவர் நல்லவர். பிரசாதம் கொடுக்கும்போது முதல் வாழைப்பழத்தை என் தம்பிக்குத்தான் எடுத்து வைப்பார். மனதாரத்தான் சொன்னார். அம்மாவும் சிரித்துத் தலையாட்டினார். எனக்கு மட்டும் சுருக்கென்று கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால், நம் இயக்கத்தின் முகாமில் மைக் பிடித்து, "எந்த வேலையும் கேவலம் கிடையாது, கோவிலில் செருப்பு அடுக்குவதும் தொண்டுதான்" என்று பேசியவன் நானே. எல்லாரும் கைத்தட்டினார்கள். அப்படியென்றால் அதையே என் தம்பிக்குச் சொன்னபோது ஏன் கோபம் வந்தது? இந்தக் கேள்வி சில மாதங்களாக என்னை விடவில்லை.

தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். இப்போது 17 வயது. தமிழ்ப்பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பில் படித்தான். பிறகு இடைநிலைப்பள்ளியில், பி.பி.கே.ஐ. என்று சொல்லும் ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வி வகுப்பு. அங்கே எல்லாமே மலாய். அதனால் இன்று பசித்தால் 'மாக்கான்' என்பான், தூக்கம் வந்தால் 'தூக்கம்' என்பான். இரண்டு மொழிக்கும் நடுவில் தனக்கென்று ஒரு மொழி வைத்திருக்கிறான். (அதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.)

இந்தப் படிப்பு 19 வயதோடு முடிந்துவிடும். பிறகு என்ன? இதே நிலையில் இருக்கும் குடும்பங்கள் நம் கோவில்களிலும் உண்டு, வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். அதனால் விவரமாகவே எழுதுகிறேன். ஷா ஆலாம், ஜொகூர் இண்டாபுரா, கெடா மெர்போக் ஆகிய இடங்களில் சிறப்புக் கல்விக்கான தொழிற்கல்வி இடைநிலைப்பள்ளிகள் இருக்கின்றன. தங்கிப் படிக்கலாம், தொழில் திறன் சான்றிதழும் எடுக்கலாம். ஆனால் நேர்காணல் உண்டு. தன்னைத் தானே கவனித்துக்கொள்ளத் தெரிய வேண்டும். சில சமூகக் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் சான்றிதழ் வகுப்புகள் உண்டு. பாலிடெக்னிக்கில் பெரும்பாலும் செவித்திறன் குறைந்தவர்களுக்குத்தான். சமூக நல இலாகாவின் பங்கி தொழில் பயிற்சி மையம் உடல் ஊனமுற்றவர்களுக்கானது, தம்பிக்குப் பொருந்தாது. மிச்சம் இருப்பது பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வு மையம். 1984-இல் தொடங்கிய திட்டம் அது. இன்று பல ஊர்களில், வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பாதுகாப்பான இடம். ஆனால் பல வருடமாக அங்கேயே வந்து போய்க்கொண்டிருப்பவர்களையும் பார்த்தேன்.

நான் மெக்கானிக்கல் பொறியியல் மாணவன். எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, எதைப் பார்த்தாலும் எக்ஸெல் திறந்துவிடுவோம். செலவு, தூரம், சான்றிதழ், பாதுகாப்பு, வேலை வாய்ப்பு, அம்மாவின் சுமை என்று எட்டு வரிசை போட்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்து, கூட்டிப் பார்த்தேன். தங்கிப் படிக்கும் தொழிற்கல்விப் பள்ளி முதலாவதாக வந்தது. அப்பா பெருமையாகப் பார்த்தார். மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி மட்டும், "எல்லாம் சரிதான் சாமி, சின்னவன்கிட்ட கேட்டியா?" என்றார்.

எட்டு வரிசையில் அவனுக்கு என்ன வேண்டும் என்பதற்கு ஒரு வரிசைகூட இல்லை.

போய்க் கேட்டேன். "ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கப் போறியாடா?" "ம், போறேன்." "வீட்டிலேயே இருக்கியா?" "ம், இருக்கேன்." சந்தேகம் வந்து, "நிலாவுக்குப் போறியா?" என்றேன். அதற்கும் "ம்" என்றான். சிரிப்பு வந்தது. பிறகு வயிற்றைப் பிசைந்தது. பதினேழு வருடமாக நாங்கள் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான். 'சரி' என்றால் நல்ல பையன். முகம் சுளித்தால் அடம். மறுத்துப் பேச அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, கற்றுக்கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

அந்த வாரம் சமய வகுப்பில் நாயன்மார் வரலாறு எடுக்க வேண்டியது என் முறை. தண்டியடிகள். உங்களுக்குத் தெரிந்த கதைதான். திருவாரூரில் பிறவியிலேயே கண் தெரியாதவர். கோவில் குளம் சுருங்கிக் கிடப்பதை அறிந்து, தானே அதை வெட்டிப் பெரிதாக்கப் போகிறேன் என்று இறங்கினார். கேலி செய்தார்கள். கடைசியில் இறைவன் கண் கொடுத்தார். நாம் எல்லாரும் இந்த முடிவைத்தான் சொல்லி முடிப்போம். நானும் மூன்று வருடமாக அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்.

இந்த முறை வேறொன்று கண்ணில் பட்டது. கண் கிடைப்பதற்கு முன்னால் அவர் எப்படிக் குளம் வெட்டினார்? குளத்துக்குள்ளே ஒரு தறி, கரையில் ஒரு தறி நட்டு, இரண்டுக்கும் நடுவில் கயிறு கட்டினார். அதைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டி, கூடையில் எடுத்து, தடவிக்கொண்டே ஏறிக் கொட்டினார். ஒரு பொறியியல் மாணவனாகச் சொல்கிறேன், அது அருமையான வடிவமைப்பு. செலவே இல்லை. பிடிக்காதவர்கள் மண்வெட்டியையும் கூடையையும் பறித்ததோடு, அந்தத் தறியையும் கயிற்றையும் சேர்த்துத்தான் பிடுங்கினார்கள். அவரை நிறுத்த அதுதான் வழி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்று. அவரை யாரும் அங்கே அனுப்பவில்லை. 'பாவம், கண் தெரியாதவர், ஏதாவது செய்துகொண்டு இருக்கட்டும்' என்று நிர்வாகம் பார்த்து ஒதுக்கிய வேலை இல்லை அது. குளம் அவர் தேர்ந்தெடுத்தது. பெரியவர் சொன்னபோது எனக்கு ஏன் கோபம் வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. நான் வெள்ளிக்கிழமை செருப்பு அடுக்கிவிட்டுத் திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்துக்குப் போவேன். வேறு இடம் எனக்கு இருக்கிறது, அதனால்தான் என்னுடையது தொண்டு. போக வேறு இடமே இல்லாதவனைக் கொண்டுவந்து உட்கார வைத்து, அதற்கும் தொண்டு என்றே பெயர் வைத்தால், அந்தச் சொல்லை நாம் அவனுக்குப் பூட்டாகப் போடுகிறோம். சம்பளம் கொடுக்காமல் இருக்கவும் அது வசதியான சொல்.

ஒரு உறவினர் வேறு காரணம் சொன்னார்: "முன்வினை, அனுபவிச்சுத்தான் ஆகணும்." அவன் வினை அவனுக்கும் கடவுளுக்கும் நடுவில் உள்ள கணக்கு. அதைக் காட்டி நான் கை கட்டி நின்றால், அது என் வினையாக எழுதப்படும். இதற்கு மேல் அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்க விரும்பவில்லை.

சரி, கயிறு கட்டுவது எப்படி? முதலில் கேட்கும் முறையை மாற்றினோம். அவனைப் பி.டி.கே.வுக்கு இரண்டு நாள் காலையில் கூட்டிப் போனோம். ஒரு சமூகக் கல்லூரியைச் சுற்றிக் காட்டினோம். அவன் பள்ளியில் ரொட்டி செய்யப் பழக்கும் சமையல் அறையிலும், கோவில் வாசலிலும், வீட்டிலும் கைத்தொலைபேசியில் படம் எடுத்தேன். அச்சடித்து ஐஸ் பெட்டியில் ஒட்டினேன். தினமும் ராத்திரி ஒரே கேள்வி: "நாளைக்கு எங்க போகலாம்?" வாயால் பதில் வேண்டாம், படத்தை எடுத்துக் கொடுத்தால் போதும். படங்களின் இடத்தைத் தினமும் மாற்றி வைத்தேன், இல்லாவிட்டால் முதல் படத்தையே எடுப்பான்.

மூன்று வாரம் போனது. பெரும்பாலான நாட்கள் ரொட்டிப் படம்தான். மாவு பிசையும் மேசைக்குப் பக்கத்தில் அவன் நிற்கும் படம். இரண்டு நாள் பாட்டி வீட்டு ஆட்டுக்குட்டி படத்தை எடுத்தான். (அது எப்படி அங்கே ஒட்டப்பட்டது என்று தெரியவில்லை, பாட்டி மேல் சந்தேகம்.) கோவில் வாசல் படத்தை வியாழக்கிழமை ராத்திரி மட்டும் எடுத்தான், மூன்று வாரமும் அப்படியே. மறுநாள் வெள்ளிக்கிழமை என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அம்மாவின் பயம் இன்னும் தீரவில்லை, தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் மாட்டேன். "அவன யாராச்சும் அடிச்சா, வந்து சொல்லத் தெரியுமா அவனுக்கு?" என்று கேட்கிறார். இதற்கு என் எக்ஸெலில் பதில் இல்லை. தினமும் போய்வரும் இடமாகக் கிடைத்தால் நல்லது, ஹாஸ்டல்தான் என்றால் முதல் வருடம் வாராவாரம் யாராவது போய்ப் பார்ப்பது என்று இப்போதைக்குப் பேசி வைத்திருக்கிறோம். இன்னொரு உண்மையும் சொல்லிவிடுகிறேன். அவன் தன் காலில் நின்றால் நாளைக்கு என் தோளில் பாரம் குறையும் என்ற எண்ணம் எனக்குள் இருக்கிறது. அட்டவணையில் ஹாஸ்டல் முதலாவதாக வந்ததற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம். அண்ணன்கள் போடும் கணக்கை முழுதாக நம்பாதீர்கள்.

'அவன் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டால்?' என்று அப்பா கேட்டார். நான் முதலில் மின்னியல் எடுத்தேன், ஒரு வருடம் கழித்து மெக்கானிக்கலுக்கு மாறினேன். ஒரு வருடக் கட்டணம் வீண். அன்றைக்கு அப்பா இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் புதுப் புத்தகத்துக்குக் காசு கொடுத்தார். 'இனிமேல் உன் முடிவை நாங்கள் எடுக்கிறோம்' என்று யாரும் சொல்லவில்லை. இதை நினைவுபடுத்தியதும் அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

ரொட்டி தயாரிப்புப் பயிற்சிக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறோம். நேர்காணலுக்காகத் தினமும் சட்டைப் பொத்தான் போடப் பழகுகிறான். ஒவ்வொரு வேலைக்கும் வரிசையாகப் படம் ஒட்டியிருக்கிறேன், கைகழுவுவதற்கு ஆறு படம், மாவு அளப்பதற்கு ஒன்பது. பஸ்ஸில் தனியாகப் போகப் பழக்குகிறோம். முதலில் நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், பிறகு இரண்டு வரிசை பின்னால், போன வாரம் அடுத்த நிறுத்தத்தில் காத்திருந்தேன். பஸ் வரத் தாமதமான அந்த ஏழு நிமிடம் எனக்கு எப்படிப் போனது என்று எழுத முடியாது. அவன் சாதாரணமாக இறங்கி, "மாக்கான்" என்றான்.

பதில் கடிதம் இன்னும் வரவில்லை. இடம் கிடைக்காமலும் போகலாம்.

போன வெள்ளிக்கிழமை கோவில் வாசலில் அதே பெரியவர் குனிந்து, அவன் தலையைத் தடவி, "நாளைக்கும் வர்றியா தம்பி?" என்று கேட்டார். அவன் கையில் யாருடைய செருப்போ ஒன்று இருந்தது, அதன் ஜோடியைத் தேடிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"வேணாம். வெள்ளிக்கிழமை."

அம்மா பதறிப்போய், "மன்னிச்சிருங்கய்யா, தெரியாம பேசுறான்" என்று ஓடி வந்தார். நான் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.