அபிமானிக்கு என்ன பாத்தியதை?

ஒரு கலைஞனிடம் பல வருஷ காலம் அன்பு வைத்துவிட்டவனுக்கு, அந்தக் கலைஞன்மேல் ஏதாவது பாத்தியதை உண்டா? "காசு கொடுத்தான், கேட்டான், போனான், அதோடு கணக்குத் தீர்ந்தது" என்று சிலர் சொல்லக்கூடும். "அவன் இல்லாவிட்டால் கலைஞன் ஏது? கேள்வி கேட்க அவனுக்கு எல்லா உரிமையும் உண்டு" என்று வேறு சிலர் சொல்லக்கூடும். இரண்டும் சுலபமான பதில்கள். சுலபமான பதில்களைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

அப்படிப் பார்ப்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. மேல்நாட்டு இசையில் 'ஹெவி மெட்டல்' என்று ஒரு வகை. மின்சார கிதாரின் ஓசையை வேண்டுமென்றே கரகரப்பாக்கி, முரசு அதிர, அடித்தொண்டையிலிருந்து பாடுகிற சங்கீதம். வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள். அதே வீட்டுப் பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதில்தான் ஆறுதல் தேடுவான். இந்த இசையில் உலகப் புகழ் பெற்ற குழு 'மெட்டாலிகா'. 1981-ல் அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில், லார்ஸ் உல்ரிக், ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு என்ற இரண்டு இளைஞர்கள் தொடங்கியது. 40 வருஷங்களுக்குமேல் கலையாமல் நிற்கிறது. அத்தனை வருஷமும் அதன் அபிமானிகள் அதை நேசித்துக்கொண்டும் இருக்கிறார்கள். அதைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டும் இருக்கிறார்கள்.

குறைகளின் ஜாபிதா நீளமானது. 1984-ல் வந்த இரண்டாவது இசைத்தட்டில் ஒரு பாட்டு மெதுவாகவும் சோகமாகவும் தொடங்கியது. அப்போதே சிலர், "விலை போய்விட்டார்கள்" என்றார்கள். 1991-ல் பாட்டுக்களைச் சுருக்கி, வேகத்தைக் குறைத்து ஒரு தட்டு வெளியிட்டார்கள். உலகமெங்கும் 3 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. பழைய அபிமானிகளுக்கு அதுவே குறை. தனக்கு மட்டும் தெரிந்திருந்த சிறு கோயிலில் திடீரென்று திருவிழாக் கூட்டம் கூடினால், பழைய பக்தனுக்கு மனம் சுருங்கத்தானே செய்யும்? 1996-ல் நீண்ட தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு, வேறு சாயலில் பாடினார்கள். அபிமானிகள் பாட்டையும் மன்னிக்கவில்லை, தலைமுடியையும் மன்னிக்கவில்லை. பிறகு ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே காலம் நீண்டுகொண்டே போயிற்று. 2008-க்குப் பிறகு 2016. அதற்குப் பிறகு 2023. காத்திருந்தவர்களுக்குக் காத்திருந்ததே ஒரு குறை.

இந்தக் குறைகளையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிவிடக்கூடாது. பிரித்துப் பார்த்தால் மூன்று விதம் தெரியும்.

முதல் விதம், "நீங்கள் மாறிவிட்டீர்கள்" என்பது. கதை எழுதுகிறவர்களுக்கு இது பழகிய குரல். தொடர்கதையின் நாயகி சாகக்கூடாது என்று கடிதம் வரும். போன கதையைப் போலவே இன்னொன்று எழுதுங்கள் என்றும் வரும். ஆங்கில நாவலாசிரியர் கானன் டாயில், 1893-ல் தம்முடைய துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் விழுந்து மறையச் செய்தார். வாசகர்கள் கொதித்துப்போனார்கள். கடைசியில் 1903-ல் ஹோம்ஸ் பிழைத்து வந்தார். வாசகர்கள் ஜயித்தார்கள். ஆனால், ஜயித்ததனால் அது உரிமை ஆகிவிடுமா?

என் அபிப்பிராயத்தில், ஆகாது. மெட்டாலிகாவின் முதல் இசைத்தட்டு 1983-ல் வந்தபோது உல்ரிக்குக்கும் ஹெட்ஃபீல்டுக்கும் 19 வயது. 2023-ல் இருவருக்கும் 60 நிறைந்தது. 19 வயதில் தானாக வந்த கோபத்தை 60 வயதில் வரவழைத்துக் காட்டு என்றால், காட்டலாம். அது நடிப்பாக இருக்கும். அபிமானி கேட்பது உண்மையில் பழைய பாட்டை அல்ல. பழைய பாட்டு அவனிடமே இருக்கிறது. அதை யாரும் பறிக்கவில்லை. அதைக் கேட்டபோது தான் இருந்த வயதைத் திருப்பிக் கேட்கிறான். அதைக் கொடுக்க எந்தக் கலைஞனாலும் இயலாது.

இந்தக் குழுவில் கிளிஃப் பர்ட்டன் என்று ஒருவர் இருந்தார். பாஸ் கிதார் வாசித்தவர். 1986 செப்டம்பரில் ஸ்வீடன் நாட்டில் குழுவின் பஸ் கவிழ்ந்து, 24 வயதில் இறந்துபோனார். "கிளிஃப் இருந்திருந்தால் இவர்கள் இப்படி ஆகியிருக்க மாட்டார்கள்" என்று இன்றும் அபிமானிகள் சொல்வதுண்டு. சொல்லத் தோன்றுவது இயற்கை. இறந்தவர் தலைமுடியைக் கத்தரிப்பதில்லை, மெதுவான பாட்டுப் பாடுவதில்லை, யாரையும் ஏமாற்றுவதில்லை. மாறாமலே இருக்கவேண்டும் என்று கேட்கிறபோது, உயிரோடிருப்பவர்களை இறந்தவர்களைப்போல் இருக்கச் சொல்கிறோம். அன்பு சில சமயம் இவ்வளவு கொடூரமான விண்ணப்பத்தையும் போடும்.

இரண்டாவது விதக் குறை வேறு ஜாதி. சமையல் பிடிக்கவில்லை என்பது ஒன்று; சாதத்தில் கல் இருக்கிறது என்பது இன்னொன்று. 1988-ல் வந்த தட்டில், பர்ட்டனுக்குப் பின் சேர்ந்த ஜேசன் நியூஸ்டெட்டின் பாஸ் ஓசை ஏறக்குறையக் காதிலேயே விழவில்லை. 2008-ல் வந்த தட்டில், மெல்லிய ஓசைக்கும் பெரிய ஓசைக்கும் வித்தியாசமில்லாமல் எல்லாவற்றையும் ஒரே உச்சத்தில் இறுக்கிவிட்டதால், பாட்டு நெடுகக் கரகரத்தது. அதே பாட்டுக்கள் ஒரு வீடியோ விளையாட்டுக்காகவும் கொடுக்கப்பட்டிருந்தன. அங்கே அப்படி இறுக்கவில்லை. இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்டவர்கள் குற்றம் எங்கே என்று கண்டுபிடித்துவிட்டார்கள். தட்டைத் திருத்தி வெளியிடவேண்டும் என்று ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டு மனுக்கொடுத்தார்கள். இந்த மனு நியாயமானது. கலைஞன் எதை வேண்டுமானாலும் செய்யலாம். செய்வதைக் கவனமாகச் செய்திருக்கவேண்டும். அதைக் கேட்க அபிமானிக்கு மட்டுமல்ல, வாங்கிய எவனுக்கும் உரிமை உண்டு.

ஆனால் கல் எது, பக்குவம் எது என்று எப்போதும் சொல்லிவிட முடிவதில்லை. 2003-ல் வந்த தட்டில் உல்ரிக்கின் முரசு தகரத் தொட்டியைத் தட்டுவதுபோல் ஒலிக்கிறது என்று உலகமே சிரித்தது. அவரோ தெரிந்தே அப்படிச் செய்தார். அந்தச் சமயம் குழுவே உடைகிற நிலையில் இருந்தது. நியூஸ்டெட் விலகியிருந்தார்; ஹெட்ஃபீல்டு குடிப்பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சைக்குப் போயிருந்தார். நொறுங்கிக்கொண்டிருந்த மனிதர்கள் நொறுங்குகிற ஓசையையே வைத்தார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அதைப் பிடிக்கவில்லை என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஏமாற்றினார்கள் என்று சொல்ல உரிமை இல்லை.

மூன்றாவது விதந்தான் மனத்தை உறுத்துவது. 1982-ல் இந்தக் குழுவின் மாதிரி ஒலிநாடா ஒன்று கைக்குக் கை மாறிற்று. இளைஞர்கள் அதைப் பிரதி எடுத்து, தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். அப்படித்தான் இவர்கள் பெயர் முதலில் பரவியது. 2000-ல் 'நாப்ஸ்டர்' என்ற கம்ப்யூட்டர் வசதியின்மூலம் ஜனங்கள் பாட்டுக்களை இலவசமாகப் பரிமாறிக்கொண்டபோது, மெட்டாலிகா வழக்குத் தொடுத்தது. தங்கள் பாட்டுக்களை அப்படிப் பரிமாறிக்கொண்ட 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் புனைபெயர்களை ஜாபிதாவாகத் தயாரித்து உல்ரிக் ஒப்படைத்தார். அவர்களெல்லாம் விலக்கப்பட்டார்கள்.

சட்டப்படி இதில் தவறு சொல்ல இடமில்லை. உழைத்தவன் உழைப்பின் பலனைக் காத்துக்கொள்ளலாம். எடுத்தவன் அபிமானியாக இருந்தால், எடுத்தது எடுக்காததாகிவிடாது. ஆயினும் அந்த ஜாபிதாவில் தன் பெயரைக் கண்டவன் அடைந்த மனக்காயம் பொய்யல்ல. பிரதி எடுத்துப் பரப்பியவர்கள் எந்தக் கணக்கும் வைத்துக்கொள்ளாமல் வளர்த்த பிள்ளை, ஒருநாள் கணக்குப் புத்தகத்தோடு வாசலில் வந்து நின்றதுபோல் இருந்தது அவர்களுக்கு.

இந்த இடத்தில்தான் உரிமை என்ற சொல் போதாமல் போகிறது. உரிமைக்கும், ஒன்றுமேயில்லை என்பதற்கும் நடுவே இன்னொன்று இருக்கிறது. அதற்கு நன்றி என்று பெயர். நன்றியைக் கோர்ட்டில் கேட்டு வாங்க முடியாது. "உன்னை நான் வளர்த்தேனே!" என்று சொல்லிக் காட்டிய மறுகணம் அது நன்றியாக இருப்பதை விட்டுவிட்டுக் கடனாகிவிடும். ஆனாலும் அது இருக்கவேண்டிய இடத்தில் இல்லாவிட்டால், மனிதர்களுக்கு நடுவே ஏதோ ஒன்று செத்துப்போகிறது.

இந்த நன்றி ஒரு பக்கத்து விவகாரமும் அன்று. தன்னுடைய இருண்ட நாட்களில் ஒரு பாட்டு துணையிருந்ததென்றால், அபிமானியும் கடன்பட்டவன்தான். தட்டுக்குக் கொடுத்த விலையில் அந்தக் கடன் தீர்ந்துவிடவில்லை. இரண்டு பேரும் கடன்பட்டிருக்கிறார்கள். வசூலிக்கும் அதிகாரம் இருவருக்கும் இல்லை. கலைஞன் இதை நினைத்தால் அவனுக்கு அடக்கம் வரும். அபிமானி இதை நினைத்தால் அவனுடைய குறைகூறலில் விஷம் இறங்கும். குறைகூறல் நின்றுவிடாது, நிற்கவும் வேண்டியதில்லை. பிரியம் விட்டுப்போனவர்களைப் பற்றி யாரும் 40 வருஷம் குறை சொல்லிக்கொண்டிருப்பதில்லை.

2023-ல் வந்த இசைத்தட்டுக்கு '72 பருவங்கள்' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். வருஷத்துக்கு 4 பருவமாக, 18 வருஷம். மனிதனை உருவாக்கிவிடுகிற முதல் 18 வருஷங்களைப் பற்றிய பாட்டுக்கள். அபிமானி திரும்பிப் போக ஏங்குகிற அந்த வயதைத்தான் பாடகரும் திரும்பிப் பார்க்கிறார். திரும்பிப் போக முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு கேட்கிற அபிமானி, கேட்டு முடித்ததும் பழைய தட்டுப்போல் இல்லை என்றுதான் சொல்வான். சொல்லிவிட்டு, இன்னொரு தடவை கேட்பான்.