வரி கொடுப்போர் யார்? நாடு எவர்க்குரியது?

இரயில் வண்டியிலும், அலுவலகத்து இடைவேளையிலும், மணவீட்டுப் பந்தியிலும் இக்காலத்தில் அடிக்கடி நம் செவியில் விழும் சொல் ஒன்றுண்டு. வரி கொடுப்பவர் சிலர், அவ்வரியில் வாழ்பவர் பலர். நாட்டைச் சுமப்பவர் நாம், சலுகை உண்பவர் அவர் என்பதே அச்சொல். இதனைச் சொல்வோர் யாவரும் தீயவர் அல்லர். சம்பளத்தில் வருமான வரி பிடிக்கப்பட்ட கணக்கைக் கண்டு மனம் நொந்து சொல்வோரே மிகுதி. ஆயினும், 'அவர்' என்பது யாரைச் சுட்டுகின்றது என்பதை நம்மவர் நன்கறிவர். உதவித்தொகை பெற்றுப் பயிலும் நம் பிள்ளைகளையும், நியாயவிலைக் கடையில் அரிசிக்கு நிற்கும் நம் தாய்மாரையும், கூலி வேலைக்குச் செல்லும் நம் உறவினரையுமே அது சுட்டுகின்றது.

இச்சொல்லில் இரண்டு கூற்றுகள் பின்னிக் கிடக்கின்றன. ஏழைகள் வரி கொடுப்பதில்லை என்பது ஒன்று. வரி கொடுப்பவனுக்கே நாட்டில் உரிமை மிகுதி என்பது மற்றொன்று. முன்னது உண்மையைப் பற்றியது. பின்னது அறத்தைப் பற்றியது. இரண்டையும் பிரித்து ஆராய்வதே முறை.

ஆராயுமுன், ஆராயும் வழியைத் தெளிதல் வேண்டும். கோசல நாட்டுக் கேசமுத்தி நகரில் வாழ்ந்த காலாமர்கள் பகவன் புத்தரை அடைந்து, வருவோர் ஒவ்வொருவரும் தத்தம் கொள்கையையே உயர்த்திப் பேசுகின்றனர், யாம் எதனை ஏற்பது என்று கேட்டனர். பலரும் சொல்கின்றனர் என்பதனாலோ, வழிவழி வந்தது என்பதனாலோ, சொன்னவர் பெரியவர் என்பதனாலோ ஒன்றை ஏற்க வேண்டா என்று பகவன் விடையிறுத்தார். அது பேராசையிலிருந்தும் பகையிலிருந்தும் மயக்கத்திலிருந்தும் எழுந்ததா, அது பிறர்க்குத் துன்பம் தருமா என்று நீங்களே நோக்கிக் காண்க என்றார். ஊரார் கருத்துக்கும் இதுவே உரைகல். கருத்துச் சொன்னோரின் தலையை எண்ணுவதால் பெரும்பான்மை இன்னதெனத் தெரியுமேயன்றி நியாயம் இன்னதெனத் தெரியாது. அதுபோலவே, நமக்குக் கசக்கின்றது என்பதனால் ஒரு கருத்தைத் தள்ளிவிடுதலும் காலாமர்க்குச் சொன்ன வழி அன்று.

முதற் கூற்றை நோக்குவோம். வருமான வரி ஒன்றே வரி என்று எண்ணுவோர்க்கே அக்கூற்று உண்மைபோல் தோன்றும். கடையில் வாங்கும் சோப்பிலும் செருப்பிலும் வரி உண்டு; பேருந்து குடிக்கும் டீசலிலும் வரி உண்டு. 2017ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சரக்கு சேவை வரி, வாங்குவோன் செல்வனா வறியனா என்று வினவுவதில்லை. ஒரு பொருளின் விலையில் 18 ரூபாய் வரியாக அடங்கியுள்ளது எனக் கொள்வோம். நாளொன்றுக்கு 600 ரூபாய் கூலி பெறுபவனுக்கு அஃது அந்நாட் கூலியில் நூற்றுக்கு 3 பங்கு. நாளொன்றுக்கு 6,000 ரூபாய் ஈட்டுபவனுக்கோ ஆயிரத்துக்கு 3 பங்கு. அன்றியும் வறியவன் ஈட்டுவது முழுவதையும் செலவிட்டே வாழ்கின்றான். வசதியுள்ளவன் ஒரு பகுதியைச் சேமிக்கின்றான். ஆகவே, ஏழை வரி கொடுப்பதில்லை என்பது பொய். அவன் கொடுத்ததற்குச் சான்றுத் தாள் அவன் பெயரால் எழுதப்படுவதில்லை என்பதே மெய்.

இது புதிய செய்தியும் அன்று. 1947இல் நீக்கப்படும்வரை உப்பு வரியை இந்நாட்டில் உண்டோர் அனைவரும் செலுத்தினர். கஞ்சிக்கு உப்பையன்றி வேறொன்றும் இல்லாதவனும் செலுத்தினான். பாபாசாகேப் அம்பேத்கர் 1927ஆம் ஆண்டில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் வரவுசெலவுத் திட்டத்தின்மேல் பேசியபொழுது இந்த அநீதியின் மற்றொரு முகத்தைக் காட்டினார். வருமான வரிக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லைக்குக் கீழே ஈட்டுவோன் ஒன்றும் கொடுக்க வேண்டுவதில்லை. நிலவரிக்கோ அத்தகைய எல்லை இல்லை. ஓர் ஏக்கர் உடையவனும், நூறு ஏக்கர் உடையவனும், விளைந்தாலும் விளையாவிட்டாலும் கட்டியே தீரல் வேண்டும். கொடுக்கும் ஆற்றலுக்கு ஏற்பவே வரி அமைதல் வேண்டும் என்பது அவர் வாதம். இந்திய மாகாணங்களின் நிதி வளர்ச்சியைப் பற்றி ஒரு நூலே எழுதிய பொருளியல் அறிஞர் அவர் என்பதை நாம் மறத்தலாகாது.

நமக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு ஒன்றையும் கூறுவோம். கோலார் தங்கவயலை அறியாத தமிழ்ப் பௌத்தர் இலர். வட ஆற்காட்டிலிருந்தும் அதனை அடுத்த பகுதிகளிலிருந்தும் சென்ற நம் முன்னோர் பல்லாயிரவர் அங்கே பூமியின் அடியில் இறங்கினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் கண்டவரும் அவரே. அவர்கள் வெட்டிய தங்கத்தின்மேல் மைசூர் அரசு ராயல்டி என்னும் உரிமைத்தொகையைப் பெற்றது. 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுத்த காலத்தில், அஃது அத்தங்கவயலுக்கே முதலில் சென்றது. கணக்குப் புத்தகத்தில் அத்தொகையைச் செலுத்தியது கம்பெனி. ஆயினும் கல்தூளை மூச்சில் இழுத்து நெஞ்சு நோயால் மாய்ந்தவன் தொழிலாளி. அவன் பெயர் வரி கொடுத்தோர் பட்டியலில் இல்லை. 2001ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன. கருவூலத்திற்குச் செல்வம் அளித்தவர் யார் என்று எவரேனும் கேட்பின், அந்தச் சுரங்கக் குடியிருப்புகளின் வரிசைகளைக் காட்டுவதன்றி வேறு விடை உண்டோ?

இனி, இரண்டாம் கூற்று. ஒருவன் மிகுதியாக வரி கொடுக்கின்றான் என்றே கொள்வோம். அதனால் நாடு அவனுக்கு மிகுதியாக உரியதாகுமா?

ஆகும் என்று ஒரு காலத்துச் சட்டமே சொல்லிற்று. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும், 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் சொத்து, வரி, கல்வி முதலியவற்றைக் கொண்டே வாக்குரிமை அளக்கப்பட்டது. நிலமும் வீடும் எழுத்தும் மறுக்கப்பட்ட மக்களில் மிகப் பலர் அதனாலேயே வாக்காளர் அல்லாதார் ஆயினர். முதலில் உடைமையைப் பறித்து, பின்பு உடைமை இல்லை என்பதனால் உரிமையையும் பறித்த கொடுமை அது. அரசியல் சட்டத்தின் 326ஆம் உறுப்பு இந்த அளவுகோலை ஒடித்தெறிந்தது. வயது வந்தோர் யாவர்க்கும் வாக்கு. கோடி கொடுத்தவனுக்கும் ஒன்று, காசு கொடாதவனுக்கும் ஒன்று. 1951-52ஆம் ஆண்டுத் தேர்தலில் இந்நாடு அவ்வழியிலேயே முதன்முதல் வாக்களித்தது. வரிக்கணக்கைக் காட்டி உரிமை பேசுவோர், தாம் அறியாமலே, மறைந்த அந்தப் பழைய சட்டத்தைத் திரும்ப அழைக்கின்றனர்.

வரிக்கும் உரிமைக்கும் உள்ள மெய்யான தொடர்பு வேறு. அதனை மகத் நகரத்துச் சவதார் குளம் நமக்குக் கற்பித்தது. பொதுப் பணத்தால் அமைந்த கிணறுகளும் குளங்களும் பள்ளிகளும் தீண்டப்படாதார் எனப்பட்டவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும் என்று 1923இல் எஸ். கே. போலே கொணர்ந்த தீர்மானத்தைப் பம்பாய்ச் சட்டமன்றம் நிறைவேற்றியது. 1924ஆம் ஆண்டில் சென்னை அரசும் பொதுப் பாதைகளையும் கிணறுகளையும் குறித்து இத்தகைய ஆணை பிறப்பித்தது. எழுத்தில் இருந்தது நடப்பில் இல்லை. ஆகவே 1927 மார்ச்சு 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் பல்லாயிரவருடன் நடந்து அக்குளத்து நீரை அள்ளிப் பருகினார். நிலவரியின் அநீதியைச் சட்டமன்றத்தில் அவர் எடுத்துரைத்ததும் அதே ஆண்டில்தான். இரண்டும் ஒரே வினாவின் இரு பகுதிகள். பொதுப் பணத்தை எல்லோரிடமிருந்தும் திரட்டி, பொதுக் குளத்தைச் சிலர்க்கே வைத்திருப்பது எந்த நீதி? அரசின் பணத்தால் முழுமையாகவோ பகுதியாகவோ பேணப்படும் கிணறு, குளம், சாலை ஆகியவற்றைச் சாதி காட்டி எவர்க்கும் தடுத்தல் ஆகாது என்று அரசியல் சட்டத்தின் 15ஆம் உறுப்பு கூறுவதற்குப் பின்னால் இந்தத் தாகம் நிற்கின்றது.

நாட்டுப்பற்றைப் பற்றிய பேச்சும் இவ்விடத்தே வந்து சேர்கின்றது. 1907ஆம் ஆண்டு ஜூன் 19 முதல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழை நடத்திய பண்டித அயோத்திதாசர், சாதியைக் கைவிடாது சுதேசியம் பேசுவோரைப் பலகாலும் இடித்துரைத்தார். 1949 நவம்பர் 25ஆம் நாள் அரசியல் நிருணய மன்றத்தில் பாபாசாகேப் பேசியபொழுது, ஆயிரக்கணக்கான சாதிகளாகப் பிரிந்து கிடப்போர் எவ்வாறு ஒரு தேசம் ஆவர் என்று வினவினார். சாதிகள் தேசத்திற்கே பகை என்றும் சொன்னார். தேசம் என்பது கொடுத்த தொகைக்கு ஏற்பப் பங்கு பிரித்துக்கொள்ளும் கம்பெனி அன்று. ஒருவர் துன்பத்தை மற்றவர் தம் துன்பமாக உணரும் மைத்திரியே அதன் வித்து.

அக்கஞ்ஞ சுத்தத்தில் பகவன் உரைத்த வரலாறும் இதுவே. களவும் பொய்யும் தோன்றிய காலத்தில் மக்கள் ஒன்றுகூடித் தம்முள் ஒருவனைத் தேர்ந்து, நெறி காக்கும் பொறுப்பை அவனிடம் அளித்து, தம் நெல்லில் ஒரு பங்கை அவனுக்கு ஈந்தனர். பலரால் ஒப்பப்பட்டவன் ஆதலின் அவன் மகாசம்மதன் எனப்பட்டான். முதலில் மக்கள் ஒன்றுகூடினர். பின்னரே பங்கு கொடுத்தனர். நெல் கொடுத்ததனால் அவர்கள் மக்கள் ஆகவில்லை. வரிக்கு முன்பே உறவு இருந்தது.

இத்துணையும் சொன்ன பின்னர், சம்பளக்காரர் மனக்குறையில் உள்ள உண்மையையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். அவர் வருமானம் மறைக்க இயலாதது; மறைக்க வல்லார் பலர் மறைக்கின்றனர். கொடுத்த பணம் வீணாவதும் உண்டு. இக்குறைகளைக் கேட்பது குடிமகனின் உரிமை. ஆயின் அவ்வினா எவரை நோக்கிச் செல்லல் வேண்டும்? மறைப்பவனையும் வீணாக்குபவனையும் நோக்கியா, நியாயவிலைக் கடை வாயிலில் நிற்பவளை நோக்கியா? எளியார்மேல் சினம் திரும்புமிடத்தே அக்கருத்து மயக்கத்திலிருந்து எழுந்தது என்று அறிக.

அரசனுக்கும் தம்மம் வழி காட்டுகின்றது. கூடதந்த சுத்தத்தில் மகாவிசித மன்னன் பெருவேள்வி செய்ய விரும்பியபொழுது அவன் புரோகிதர் தடுத்தார். கள்வரால் அலைப்புண்ட நாட்டில் மேலும் வரி தண்டுவது தகாது. தண்டனையாலும் களவு ஒழியாது. உழவனுக்கு விதையும், வணிகனுக்கு முதலும், அரசுப் பணியாளனுக்கு உணவும் ஊதியமும் அளிப்பாயாக என்றார். மன்னன் அவ்வாறே செய்ய, கருவூலம் நிறைந்தது; மக்கள் கதவைத் தாழிடாது வாழ்ந்தனர். எளியவனுக்கு அளித்தது வீணாகவில்லை, நாட்டுக்கே திரும்பி வந்தது என்பதே இதன் கருத்து. பகவன் பிறந்த உலும்பினியில் அசோகர் நாட்டிய தூணும், அவ்வூரின் வரியை விலக்கி விளைச்சலில் எட்டில் ஒரு பங்கே கொள்ள வைத்த செய்தியை இன்றும் தாங்கி நிற்கின்றது.

கடைசியாக நம்மை நாமே நோக்குவோம். நம்முள் இன்று வருமான வரி செலுத்துவோர் உளர். கல்வியாலும் இடஒதுக்கீட்டாலும் உயர்ந்தோர் உளர். மேற்சொன்ன பழமொழிபோன்ற பேச்சு அவருள் சிலர் வாயிலும் வந்துவிட்டது. சேரியில் இன்னும் இருக்கும் தம் சிற்றப்பன் மகனை நோக்கி, இலவச அரிசி உன்னைச் சோம்பேறி ஆக்கிற்று என்கின்றனர். நேற்று நம்மைக் குத்திய முள்ளை இன்று நம் கையால் எடுத்து நம் உறவினர் காலில் தைப்பதோ? அதுபோல, இரசீது இல்லாமல் விற்று வாங்கி வரியை மறைப்போரும் நம்மிடையே இல்லாமல் இல்லை. ஊரே செய்கின்றது என்பர். கொடாததைக் கொள்ளாமை என்னும் சீலத்தை நாம் நாடோறும் ஓதுகின்றோம். சுங்கச் சாவடியில் கொடுக்க வேண்டிய தீர்வையை ஏய்த்துச் செல்லுதலை விநயம் களவாகவே வகுத்துள்ளது. ஐந்து மாசகம் அளவு ஏய்த்த பிக்கு சங்கத்தில் இருக்கும் தகுதியையே இழப்பார். துறவிக்கு இது விதியாயின் இல்லறத்தானுக்கு இது பாடம் ஆகாதோ? பொதுப் பணத்தைத் திருடுபவன் முதலில் எளியவனின் மருத்துவமனையையும் பள்ளியையுமே திருடுகின்றான்.

ஆகவே, அன்பர்காள்! வரியின் பெயரால் ஒருவர் நம்மைத் தாழ்த்திப் பேசும்பொழுது வெகுளியும் வேண்டா, நாணமும் வேண்டா. கணக்கை அமைதியாக எடுத்துரைப்போம். வரியின் பெயரால் நாமே ஒருவரைத் தாழ்த்த எண்ணும்பொழுது நாவை அடக்குவோம். கொடுக்க வேண்டியதை ஒளியாது கொடுப்போம். கொடுத்தது எங்குச் சென்றது என்று அஞ்சாது கேட்போம். சவதார் குளத்தின் நீர் அள்ளிய கைகளின் வரிக்கணக்கைக் கேட்டதில்லை. தாகமுடையார் யாவர்க்கும் உரியது அந்நீர். நாடும் அத்தகையதே.

சர்வ மங்களம்.