வேலியும் வேளாண்மையும்

ஒரு பெயர் யாருக்குச் சொந்தம்? முதலில் பதிந்துகொண்டவருக்கா, உழைத்து அதற்கு மதிப்புத் தேடித் தந்தவருக்கா? கிரிப்டோ நாணயங்கள் பெருகிவிட்ட இந்நாளில் இக்கேள்வி கூர்மையடைந்திருக்கிறது. அந்நாணயத்தைக் கையில் எடுத்து உரசிப் பார்க்க இயலாது. மக்கள் அறிந்ததெல்லாம் பெயர் ஒன்று, அப்பெயரில் அமைந்த இணையதள முகவரி ஒன்று, அவ்வளவே. அம்முகவரியையோ ஆண்டுக் கட்டணம் செலுத்தி எவரும் பதிந்துகொள்ளலாம். ஆகவே, ஒருவர் வளர்க்கும் பெயரை மற்றொருவர் முந்திப் பதிந்து வைத்துப் பெருவிலை கேட்பதும் நிகழ்கிறது.

வழக்குப் புதியதாயினும் அதற்குரிய அளவுகோல் நம் ஃபிக்ஹில் பழையது. எவருக்கும் உரிமையற்ற தரிசு நிலத்தைப் பண்படுத்தி உயிர்ப்பித்தவர் அதற்கு உரியவராகிறார். வெறுமனே கல் நட்டு வேலியிட்டவர் உரியவராவதில்லை. முன்னுரிமை மட்டுமே பெறுகிறார். மூன்றாண்டு கடந்தும் அவர் உழாவிடில் அம்முன்னுரிமையும் நீங்கும் என்பது கலீஃபா உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பாக நூல்களில் இடம்பெறுகிறது. பதிவு என்பது வேலி, உழைப்பே வேளாண்மை.

காஞ்சியை அடுத்த கூரமும் இதற்குச் சான்று பகரும். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேட்டில் ஓர் ஏரி அவன் பெயராலேயே குறிக்கப்படுகிறது. பாலாற்றிலிருந்து அதற்குக் கால் வெட்டிய செய்தியும் அதே ஏட்டில் உண்டு. செம்பில் பொறித்த பெயருக்குப் பின்னே மண்வெட்டி நின்றது.

நம் நாட்டு நீதிமன்றமும் இந்நெறியை ஒட்டியே சென்றது. சென்னையின் சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தன் பெயரைச் சுருக்கி ‘சிஃபி’ என்றொரு சொல்லை ஆக்கிப் புகழ் சேர்த்தது. அதே ஓசையுடைய முகவரியோடு வேறொரு நிறுவனம் வணிகம் தொடங்கியது. 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் சத்யம் இன்ஃபோவேக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. இணைய முகவரி வெறும் விலாசம் அன்று, வணிகரை அடையாளம் காட்டும் பெயருமாகும். வணிகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு அதற்கும் உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அப்படியாயின், உரிமையாளர் இன்னாரென்று தெரியாத பெயரை என்செய்வது? பிட்காயின் அத்தகையது. 2008-இல் சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் ஒருவர் அதன் அடிப்படை ஆவணத்தை வெளியிட்டுப் பின்னர் மறைந்துபோனார். கிரெய்க் ரைட் என்பவர் தாமே அவர் என்றார். பிட்காயின் பெயரிலமைந்த தளத்திலிருந்து அவ்வாவணத்தை அகற்றும்படி 2021-இல் இலண்டன் உயர் நீதிமன்றத்தில் ஆணையும் பெற்றார்; முகம் காட்டாத தளப் பொறுப்பாளர் எதிர்வாதம் செய்யாததே காரணம். 2024-இல் அதே நீதிமன்றம் சான்றுகளை ஆராய்ந்து, ரைட் சதோஷி அல்லர் எனவும், அவர் காட்டிய ஆவணங்கள் பல போலி எனவும் முடிவு கூறியது. உழாதவர் பிறர் வயலுக்குப் பட்டா கேட்ட கதை இது.

எனினும் உழைத்தவரின் உரிமையும் எல்லையற்றதன்று. 1988-இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிகப் பெயரும் சின்னமும் மதிப்புடைய சொத்து, அவற்றின்மீது அத்துமீறலாகாது என்று தீர்மானித்தது. அவற்றைக் கைமாற்றும்போது ஏமாற்றும் மோசடியும் கூடாதென்றும் நிபந்தனை விதித்தது. பெயரை நம்பி வருபவர் அதன் பின்னுள்ள பொருளையே நாடி வருகிறார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் கண்டு, அதை மறைத்த வணிகரைக் கண்டித்தார்கள். அக்குவியல் அவருடைய சொந்தப் பொருள்தான். ஆயினும் மறைக்கும் உரிமை அவருக்கில்லை.

காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-இல் கிடைத்தது. அப்பெயர் தனியொருவருக்கு உரியதன்று. தலைமுறை தலைமுறையாகத் தறியில் அமர்ந்த கைகளின் கூட்டுச் சொத்து. அப்பெயரில் கலப்புப் புடவையை விற்பவர் நெசவாளரின் ஹக்கையும் பறிக்கிறார். வாங்குபவரின் ஹக்கையும் பறிக்கிறார்.

எனவே, புதுத்தொழில் தொடங்கும் நம் இளைஞர்கள் பெயரை முறைப்படி பதிந்துகொள்ளட்டும், அது விவேகம். பிறர் பெயரின் நிழலில் ஒதுங்காதிருக்கட்டும், அது நேர்மை. புகழ்பெற்ற பெயரொன்றைக் கண்டு பணம் போட முனைபவரோ, குவியலுக்குள் ஒருமுறை கைவிட்டுப் பார்க்கட்டும். பெயர் ஓர் அமானத். சட்டம் அதற்கு வேலி கட்டித் தரும், விளைச்சலை நம் நாணயமே தரவேண்டும்.