பக்கத்து இருக்கை

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு நண்பர் தன் பழைய பிளேஸ்டேஷனைத் தூசி தட்டி டிவியில் மாட்டினார். போட்ட சிடி, கோலின் மெக்ரே ரேலி. 1998-இல் கோட்மாஸ்டர்ஸ் வெளியிட்ட ஆட்டம். நீல நிற சுபாரு இம்ப்ரேசா திரையில் வந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. 38 வயது ஆளுக்கு இது கொஞ்சம் ஓவர்தான்.

கிள்ளானில் எங்கள் வீட்டு ஹாலில் அண்ணனும் நானும் மணிக்கணக்காக ஆடிய ஆட்டம் அது. பசார் மாலாமில் ஐந்து வெள்ளிக்கு வாங்கிய திருட்டு சிடி, அதையும் சொல்லிவிடுகிறேன். மெக்ரேயின் உண்மையான கோ-டிரைவர் நிக்கி கிரிஸ்ட்தான் ஆட்டத்திலும் வளைவுகளைச் சொல்வார். அந்த வேகத்தில் அவருடைய ஆங்கிலம் எங்களுக்குப் பிடிபடாது. அதனால் அண்ணன் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, லெப்டு! பெரிய லெப்டு!" என்று கத்துவேன். இந்தோனேசியா கட்டம் வந்தால், "டேய், நம்ம எஸ்டேட் ரோடு மாதிரியே இருக்குடா" என்பார். தாத்தா வீட்டுச் செம்மண் பாதையைச் சொல்கிறார்.

அந்த அண்ணனோடு நான் பேசி இரண்டு வருடம் ஆகிறது. அம்மா போன பிறகு வீட்டை விற்பதா, வைத்திருப்பதா என்று தொடங்கிய வாக்குவாதம். அவர் இருப்பது ஷா ஆலாமில். காரில் இருபது நிமிடம்.

அப்படியென்றால் நான் யாருக்காகக் கண் கலங்கினேன்?

பழைய நினைவில் என்ன தப்பு என்று நீங்கள் கேட்கலாம். தப்பில்லை. ஆனால் என் நினைவில் இருக்கிற அண்ணன் பங்கு கேட்கமாட்டார், குரல் உயர்த்தமாட்டார், எனக்குப் பிடித்ததை மட்டும் பேசுவார். அவர் மேல் பாசம் வைக்க எனக்கு ஒரு காசு செலவில்லை. நாம் பற்று என்று சொல்கிறோமே, அது சில சமயம் மனிதர் மேல் இல்லை, நமக்குத் தோதான படத்தின் மேல்.

2002-இல் எக்ஸ்பாக்ஸுக்கு வந்த ரேலிஸ்போர்ட் சேலஞ்ச் பற்றி ஓர் இளைஞர் எழுதியது பலருக்குத் தெரிந்திருக்கும். ஆறு வயதில் அப்பாவை இழந்தவர். பத்து வருடம் கழித்து அந்த ஆட்டத்தைப் போட்டால், அப்பா வைத்த சாதனை நேரம் நிழல் காராக முன்னால் ஓடுகிறது. அதை முந்தினால் அழிந்துவிடும். அதனால் கோட்டுக்கு முன்னால் நின்று வழிவிடுவாராம். அவருக்கு அந்த நிழலை விட்டால் வேறு வழியில்லை. எனக்கு இருக்கிறது. போன் நம்பர் கூட மாறவில்லை.

நம் நாட்டு கரம்ஜித் சிங் 2002-இல் புரோட்டோனில் உலகப் பட்டம் வென்றபோது பக்கத்தில் இருந்தவர் ஆலன் ஓ. ரேலியில் பக்கத்து ஆள் மௌனமாகிவிட்டால் வண்டி நேராகப் பள்ளத்துக்குத்தான் போகும். மெக்ரே 2007-இல் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தபோது வயது 39. அதுவும் அன்றைக்கு ஞாபகம் வந்தது.

இந்தோனேசியா கட்டத்தைப் படம் எடுத்து அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மூன்றாம் நாள்தான் பதில் வந்தது: "லெப்டு சொல்ல ஆள் இருக்கா?"

வரும் ஞாயிறு கிள்ளானில் ஒரு மாமாக் கடையில் சந்திக்கிறோம். வீட்டு கிராண்டையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்.