பார்வை

என் மகனுக்கு 13 வயதான வருடம், பக்கத்து வீட்டுப் பெரியவர் அவனை வான்கோழி வேட்டைக்கு அழைத்துப் போகட்டுமா என்று கேட்டார். பென்சில்வேனியாவில் நாங்கள் இருக்கும் சிறு ஊரில் இப்படிக் கேட்பது அன்பின் அடையாளம். அவருடைய பேரன்கள் வேறு மாநிலத்தில் இருக்கிறார்கள். காட்டைக் காட்டுவதற்கு அவருக்கு ஒரு பையன் வேண்டியிருந்தது. என் மனைவி ஒரே வார்த்தையில் மறுத்தாள்: "துப்பாக்கியா?" எனக்கும் விருப்பமில்லைதான். ஆனால் கடையில் வெட்டித் தரும் கோழியை வாரம் தவறாமல் தின்கிறவன் நான். எந்த நியாயத்தைச் சொல்லி மறுப்பது? பாதுகாப்பு என்கிற ஒரு காரணம்தான் மிச்சம் இருந்தது. அதைச் சொன்னபோது பெரியவர், "அப்படியானால் வகுப்புக்கு நீங்களும் வாருங்கள்" என்றார். அந்த வயதுப் பையனோடு காட்டில் குடும்பத்தவர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டமும்கூட.

தீயணைப்பு நிலையத்தின் கூடத்தில், மடக்கு நாற்காலிகளில், நாற்பது பேரோடு அப்பனும் பிள்ளையும் உட்கார்ந்தோம். எல்லாத் துப்பாக்கியும் குண்டு போட்ட துப்பாக்கி என்றே நினைத்துக்கொள். முனையைப் பாதுகாப்பான திசையில் வை. சுடும் கணம் வரை விசையில் விரல் வைக்காதே. குறி எது, குறிக்குப் பின்னால் இருப்பது எது என்று உறுதி செய்துகொள். இந்த நான்கும் எல்லா வேட்டைக்கும் பொது. வான்கோழிக்கு மட்டும் தனியாக ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். அது ஏன் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. ஒரு பறவைதானே?

துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவத்தில் ஆரஞ்சு நிற மேலங்கி கட்டாயம். மானுக்கு அந்த நிறம் பெரிதாகத் தெரியாது, மனிதனுக்குக் கண்ணைப் பறிக்கும். வான்கோழிக்கோ நிறங்கள் நன்றாகத் தெரியும், கண்ணும் படுகூர்மை. அதனால் வசந்தகாலத்தில் வேட்டைக்காரன் முகம் வரை இலை தழை நிறத்தில் மூடிக்கொண்டு, மரத்தில் முதுகைச் சாய்த்து, அசையாமல் உட்கார்ந்திருப்பான். பிறகு வாயில் ஒரு சிறு கருவியை வைத்துக்கொண்டு பெட்டை வான்கோழி போலக் கூப்பிடுவான். சேவல் தேடி வரும். மயிலைப் பார்த்துத் தானும் ஆடப்போன வான்கோழியை ஒளவையார் கேலி செய்தது நமக்குப் பள்ளியிலேயே மனப்பாடம். (அமெரிக்காவிலிருந்து வந்த இந்தப் பறவைதானா அது என்பது வேறு விஷயம்.) இங்கே மனிதன் வான்கோழியாக ஆடுகிறான். அதே காட்டில், அதே விடியலில், இன்னொரு மனிதன் வான்கோழியைத் தேடிக்கொண்டிருக்கிறான். ஆபத்து முழுவதும் இதில் இருக்கிறது.

ஆகவே விதிகளில் பாதி, நான் யாரையும் கொல்லாமல் இருப்பதற்கு. மறுபாதி, என்னை யாரும் வான்கோழி என்று நினைக்காமல் இருப்பதற்கு. சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. காலுறையில்கூட, கைக்குட்டையில்கூட. கிளர்ச்சியுற்ற சேவலின் தலை அந்த மூன்று நிறங்களில்தான் இருக்கும். (அமெரிக்கக் கொடியின் நிறங்களும் அவையே என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.) உன் தோளைவிட அகலமான மரமாகப் பார்த்துச் சாய்ந்துகொள், பின்னாலிருந்து வருவதை நீ பார்க்க முடியாது. சத்தம் வரும் திசையை நோக்கிப் பதுங்கிப் போகாதே. வசந்த வேட்டையில் பறவையை அழைத்து வரவழைக்கலாமே தவிர, பதுங்கிப் போய்ப் பிடிப்பது பென்சில்வேனியாவில் குற்றம். இன்னொரு வேட்டைக்காரர் வருவது தெரிந்தால் கை அசைக்காதே, விசிலடிக்காதே, வான்கோழி போலக் கூப்பிடவே கூப்பிடாதே. அப்படியே அசையாமல் இருந்து, உரத்த குரலில், மனிதனாகப் பேசு. உன் வேட்டை அத்தோடு கெட்டுப்போகும். போகட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது தாடி விதி. வசந்தகாலத்தில் தாடி உள்ள பறவையை மட்டுமே சுடலாம். சேவலின் நெஞ்சிலிருந்து தொங்கும் முடிக்கற்றைக்குத் தாடி என்று பெயர். அதைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சுடுகிறவன் மனிதனைச் சுட வழியே இல்லை அல்லவா? தாடி வைத்த நானும் சிரித்துக்கொண்டேன்.

பிறகு படங்கள் காட்டினார்கள். ஒவ்வொன்றும் இரண்டு நொடிதான் திரையில் நிற்கும். சுடலாமா, கூடாதா என்று கை தூக்க வேண்டும். புதருக்கு நடுவே சிவப்பும் கருப்புமாக ஒன்று வந்தது. என் மகன் கையைத் தூக்கினான். நானும் தூக்கினேன். அது, முட்டி போட்டு உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் கையும், சட்டைக் கழுத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த சிவப்பு பனியனும். வாழ்க்கையில் எந்தப் பறவையையும் கொல்ல ஆசைப்படாத நான், அங்கே ஒரு வான்கோழியைப் பார்த்தேன். அதன் இறகைப் பார்த்தேன் என்று சத்தியமே செய்திருப்பேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்போம். ஆசைப்பட்டவன் கண்ணும் அப்படித்தான். ஆனால் எனக்கு ஆசைகூட இல்லையே! வான்கோழியைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டிருந்தேன், அவ்வளவுதான். எதிர்பார்ப்பு மட்டுமே போதுமானதாக இருந்தது. வேட்டையில் மற்ற விலங்கைக் கவர்ந்திழுக்கக் கட்டிவைக்கும் பழகிய விலங்குக்குத் தமிழில் 'பார்வை' என்று பெயர். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடிலின் முன்னால், விளாமரத்தில் அப்படியொரு மான் கட்டப்பட்டிருக்கும். கண்ணால் காண்பதற்கும் கண்ணை ஏமாற்றும் கருவிக்கும் ஒரே சொல். கல்லூரிக் காலத்தில் இதைப் படித்தபோது வேடிக்கையாக இருந்தது. அந்தக் கூடத்தில் வேடிக்கையாக இல்லை.

பயிற்சியாளர் இன்னொன்று சொன்னார். இத்தகைய துப்பாக்கிச் சூடுகளை வேட்டைத் துறைகள் இப்போது விபத்து என்று எழுதுவதில்லை, சம்பவம் என்றே பதிவு செய்கின்றன. விபத்து என்றால் யாராலும் தடுத்திருக்க முடியாது என்று ஆகிவிடும். இவற்றில் அநேகமாக எல்லாமே தடுத்திருக்கக் கூடியவை.

2006 பிப்ரவரி 11 அன்று டெக்சாஸில் காடை வேட்டையின்போது அன்றைய துணை ஜனாதிபதி டிக் செனி, 78 வயதான வழக்கறிஞர் ஹாரி விட்டிங்டனைச் சுட்டது பலருக்கு நினைவிருக்கும். பறந்த காடையைத் துப்பாக்கியோடு பின்தொடர்ந்து திரும்பியதில், முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் ரவைகள் பாய்ந்தன. முதல் நாட்களில், திரும்பி வந்த விட்டிங்டன் தான் வந்ததைக் குரல் கொடுத்துத் தெரிவிக்கவில்லை என்று ஒரு பேச்சு எழுந்தது. நான்கு நாள் கழித்து செனி தொலைக்காட்சியில், விசையை இழுத்தவன் நான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது என்ற பொருளில் பேசினார். பிறகு மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த விட்டிங்டன், தன்னால் செனி குடும்பம் பட்ட துன்பத்துக்கு வருத்தம் தெரிவித்தார்! அப்போது நான் மேற்படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. அலுவலகத்தில் எல்லோரும் அதை வைத்து நகைச்சுவை சொல்லிக்கொண்டிருந்தோம். சுடப்பட்டவர் மன்னிப்புக் கேட்டது மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மரியாதையா, நட்பா, அதிகாரத்துக்கு முன்னால் வரும் பணிவா, எனக்கு இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

குரல் கொடுக்கும் கடமை ஒருவனுக்கு இருக்கிறது என்பதால் மற்றவனின் கடமை குறையுமா? இரண்டும் ஒரே தராசின் தட்டுகள் என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கும் என்று. வேட்டைக்காரர்களின் விதிகள் அப்படி எழுதப்படவில்லை. ஒவ்வொருவரும் முழுக் கடமையையும் தனித்தனியே சுமக்கிறார்கள். எதிரில் இருப்பவன் எல்லாத் தவறும் செய்திருந்தாலும், காலில் சிவப்புக் காலுறையோடு வான்கோழி போலக் கூவிக்கொண்டிருந்தாலும், நான் தாடியைப் பார்க்கும் வரை சுடக் கூடாது.

நமக்கு இந்த வழக்கு பழையது. தசரதன் இருட்டில், நீர்க்கரையில், குடம் நிறையும் ஓசையை யானை நீர் குடிக்கும் ஓசை என்று எண்ணி அம்பு விட்டான். ஓசையைக் கேட்டே குறி தவறாமல் எய்யும் வித்தை அவனுக்குக் கைவந்தது, அதில் பெருமையும் உண்டு. அந்த வித்தை இல்லாத ஒருவன் விடியும் வரை காத்திருப்பான், சிறுவன் பிழைத்திருப்பான். அந்தக் கதையில் தெரியாமல் செய்தது என்று யாரும் அவனை விட்டுவிடவில்லை. அவன் அதற்குப் பிறகு செய்ததைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன்: அந்தக் குடத்தில் தண்ணீரை எடுத்துக்கொண்டு, கண் தெரியாத பெற்றோரிடம் தானே போய் நின்றான். தான் யார், என்ன செய்தேன் என்று தன் வாயால் சொன்னான். ஆனால் தன் மனைவியிடம் சொன்னது, இராமன் காட்டுக்குப் போன பிறகு, தான் சாகப்போகும் இரவில்.

இதைத் தொட்டால் என் கதையையும் சொல்லியாக வேண்டும். பல வருடங்களுக்கு முன், ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் கணினி அமைப்பில் ஒப்பந்த வேலை. இரவு இரண்டு மணி. திரையில் இரண்டு ஜன்னல்கள்: ஒன்று சோதனைக்கானது, மற்றது நிஜமாக ஓடிக்கொண்டிருப்பது. சோதனைத் தரவை அழித்தேன். அழிந்தது நிஜம். ஜன்னலின் தலைப்பில் எது எது என்று தெளிவாக எழுதியிருந்தது. நான் அதைப் படித்தேன் என்பதுதான் பயங்கரம். படித்தேன், எனக்கு வேண்டியதையே படித்தேன். காப்புப் பிரதியிலிருந்து பெரும்பகுதியை மீட்டோம். இரண்டு நாள் முன்பதிவுகள் மட்டும் திரும்பவில்லை. எங்கள் தொழிலில் இதற்குப் பின் ஓர் அறிக்கை எழுதுவார்கள், அதில் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது என்பது நெறி. நல்ல நெறி, குற்றம் சொன்னால் அடுத்தவன் மறைப்பான். இரண்டு ஜன்னல்களும் ஒரே நிறத்தில் இருந்தது காரணம் என்று எழுதினார்கள். நிறத்தை மாற்றினார்கள். என் பெயர் எங்கும் இல்லை. அந்த இரண்டு நாளில் முறை தவறிப்போன நோயாளிகள் யார், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. குடத்தை எடுத்துக்கொண்டு போய் நிற்க எனக்கு வாசல் இல்லை. அப்படிச் சொல்வது வசதியாகவும் இருந்தது.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இருட்டோடு போனோம். மகன் நடுவில், பெரியவர் அவன் வலப்பக்கம், நான் சற்றுப் பின்னால், எங்களுக்கு ஓர் அகலமான ஓக் மரம். வெளிச்சம் வர ஆரம்பித்ததும் பெரியவர் கூப்பிட்டார். இடப்பக்கச் சரிவிலிருந்து ஒரு பெட்டை பதில் சொன்னது. இவர் மறுபடி கூப்பிட்டார், அது இன்னும் கிட்டத்தில் பதில் சொன்னது. புதர் அசைந்தது. என் மகனின் துப்பாக்கி முனை ஒரு விரற்கடை அளவு அந்தப் பக்கம் நகர்ந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் வாய் திறக்கவில்லை. பெட்டையின் பின்னால் சேவல் வரும் என்று நானும் காத்திருந்தேன்.

பெரியவர் துப்பாக்கிக் குழாய் மேல் உள்ளங்கையை வைத்து அதைத் தரையை நோக்கி அழுத்தினார். பிறகு காடே அதிரும் குரலில், "காலை வணக்கம்! இங்கே மூன்று பேர் இருக்கிறோம்!" என்றார். முப்பது நாற்பது அடி தள்ளி ஒரு புதர் எழுந்து நின்றது. நடுத்தர வயது ஆள். முகமூடியை இறக்கி, உங்களைப் பெட்டை என்று நினைத்துவிட்டேன் என்றார். நாங்களும்தான் என்றார் பெரியவர். இருவரும் கோபப்படவில்லை. அவர் ஆரஞ்சுத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்த வழியே போனார். பெரியவரின் கை மட்டும் கொஞ்ச நேரம் நடுங்கியது.

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "மிக அழகாகக் கூப்பிட்டது. நிஜப் பெட்டைகள் அவ்வளவு சுத்தமாகக் கூப்பிடாது."

திரும்பும் வழியில், காரில் மகன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் சுட்டிருக்க மாட்டேன்ப்பா" என்றான்.

"என்னடா பார்த்தே?"

"சிவப்பா, தலை மாதிரி ஒண்ணு."

எழுந்து நின்ற மனிதரிடம் சிவப்பு எதுவும் இல்லை. பச்சையும் பழுப்பும்தான். அதை நான் அவனிடம் சொன்னேன். எனக்கும் அந்தப் புதரில் ஒரு வால் விரிந்தது தெரிந்தது என்றும் சொன்னேன். அவன் முனை நகர்ந்ததைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன் என்பதைச் சொல்ல இன்னும் இரண்டு மைல் ஆயிற்று. அதற்குப் பிறகு அந்த இரவு இரண்டு மணிக் கதையையும் சொன்னேன். அவன் அம்மாவுக்கே முழுதாகத் தெரியாத கதை.

"அப்புறம் உனக்கு வேலை போயிடுச்சாப்பா?"

"இல்லடா."

"ஏன்?" என்றான்.