உண்மை யாருக்காக?

கணவர் காலமாகிப் பத்து வருஷமாகிவிட்டது. மறதி நோய் கண்ட மூதாட்டி, "அவர் இன்னும் வரலையா?" என்று தினமும் மகளைக் கேட்கிறாள். "அப்பாதான் தவறிப்போயிட்டாரேம்மா!" என்று உண்மையைச் சொன்னால், தாய்க்கு அன்றுதான் கணவர் இறக்கிறார். செய்தி சீக்கிரம் மறந்துவிடும், துக்கம் தங்கிவிடும். அல்ஜைமர் நோயாளிகளுக்குச் சோகப் படக் காட்சிகளைக் காட்டி, அயோவா பல்கலைக்கழகத்தார் 2014-இல் இதைச் சோதித்தே கண்டிருக்கிறார்கள்.

அதற்காக, "இதோ வந்துவிடுவார்" என்று பொய் சொன்னால், பாவம், ராத்திரியெல்லாம் வாசலிலேயே காத்திருப்பாள்.

"அப்பாவுக்கு என்ன குழம்பும்மா பிடிக்கும்?" என்று கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காரலாம். பழைய நினைவுகள் பெரும்பாலும் கடைசியில்தான் அழியும். அவள் சொல்லத் தொடங்குவாள். ஆனால் அதற்கு அரைமணி நேரம் வேண்டும். உண்மையைச் சொல்ல ஒரு விநாடி போதும். நம்மில் பலர் சத்தியசந்தர்களாக இருப்பது, அந்த அரைமணியை மிச்சப்படுத்தத்தானோ என்னவோ!