எதுவும் தென்படவில்லை

காட்டுயிர்க் கணக்கெடுப்புப் படிவத்தில் எழுதக் கை தயங்கும் கட்டம் ஒன்று உண்டு. விடியலில் இரண்டு கிலோமீட்டர் நேர்கோட்டுப் பாதையை நடந்து முடித்தவருக்கு ஒரு புள்ளிமான்கூடக் கண்ணில் படவில்லை. நடை வீணாகிவிட்டதுபோல் இருக்கிறது. நேற்று இதே வளைவில் நின்ற மானை இன்றைய கணக்கில் சேர்த்துவிடலாமே என்று மனம் கணக்குப் போடுகிறது. காம்பஸைப் பிடிக்கவும், விலங்கு எத்தனை மீட்டர் தள்ளி நின்றது என்று அளக்கவும் ஒரு காலையில் பழக்கிவிடலாம். சுழியம் எழுதப் பழக்குவதற்குத்தான் நாளாகிறது.

*

சுழியம் எழுதத் தயங்கினால் என்ன ஆகும்? ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் காகிதத்தில் புலிகள் இருந்தன. 2005இல் பார்த்தால் காட்டில் ஒன்றும் இல்லை.

அதுவரை நாடு நம்பியது பாதத்தடத்தை. தடத்தைக் கண்ணாடியில் வரைந்து, பிளாஸ்டரில் வார்த்து, இது இன்ன புலி என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னார்கள். மண் நனைந்திருந்தால் ஓர் அளவு, காய்ந்திருந்தால் வேறோர் அளவு, ஒரே கால்தான். அந்த அனுபவத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நாம் பார்க்காமல் விட்டது எவ்வளவு என்று கேட்க அந்த முறையில் இடமில்லை.

1990களில் காட்டுயிர் விஞ்ஞானி உல்லாஸ் காரந்த் கர்நாடகத்தின் நாகரஹொளேயில் தானியங்கி கேமராக்களை வைத்து அந்தக் கேள்வியைத்தான் கேட்டார். புலிக்குப் புலி வரிகள் வேறு. முதல் சுற்றில் படத்தில் விழுந்தவற்றில் எத்தனை அடுத்த சுற்றிலும் விழுகின்றன என்று பார்த்தால், ஒருமுறையும் விழாதவை எத்தனை இருக்கலாம் என்று மதிப்பிட முடியும். கண்ணில் படாததற்கும் கணக்கு உண்டு என்பதில் எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

பாதத்தடத்தை நம்பிய 2001-02 கணக்கில் நாட்டில் 3,642 புலிகள். கேமராக்களும் புள்ளியியலும் சேர்ந்த 2006ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 1,411. அந்த மதிப்பீட்டு முறையையும் பிறகு காரந்த் உள்ளிட்டவர்கள் கேள்வி கேட்டார்கள். கேட்கட்டும். கேள்வி கேட்க முடிகிற எண் என்பதே பெரிய முன்னேற்றம்.

*

விலங்குகளைப் பார்த்த இடங்களைப் புள்ளிகளாகக் குறித்த வரைபடத்தில் வெள்ளையாகக் கிடக்கும் இடம் என்னைத் தொந்தரவு செய்கிறது. யாரும் போகாததால் வெள்ளையா, போய்த் தேடியும் ஒன்றும் கிடைக்காததால் வெள்ளையா? அச்சிட்ட பின் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வரைபடம் தயாரிக்கும் கியூஜிஐஎஸ் இலவச மென்பொருள், யாரும் கற்கலாம். புள்ளிகளை அழகாக வண்ணம் தீட்டித் தந்துவிடும். நடந்த பாதையையும் சேர்த்து வரையச் சொல்லி அது நம்மைக் கேட்காது. அதைப் பயிற்சி தருபவர்தான் கேட்க வேண்டும்.

அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றி எழுதினால் தமிழ்நாட்டின் முதுமலைக் காட்டு யானை ஆர்க்டிக் பக்கம் கடலில் நிற்கும். இந்தப் பிழை நல்ல பிழை, உடனே சிரிப்பு வந்து திருத்திவிடுவோம். பழைய நிலவரைபடத் தாளும் ஜிபிஎஸ் கருவியும் பூமியின் வடிவத்தை வெவ்வேறாக எடுத்துக்கொள்கின்றன. அதைச் சரிசெய்யாவிட்டால் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அதற்கு யாரும் சிரிப்பதில்லை. ஓடைக்கு இந்தக் கரையில் கிடந்த எச்சம் அந்தக் கரைக்குப் போய்விடுகிறது, அவ்வளவு அமைதியாக.

இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகள் பலர் முதுமலையில் வேட்டைத் தடுப்புக் காவலர்களாக இருக்கிறார்கள். சதுப்புப் புல்வெளியை அங்கே வயல் என்பார்கள். ஒவ்வொரு வயலுக்கும் பெயர் உண்டு. அரசு வரைபடத்தில் அவற்றில் பல இல்லை. கருவியைக் காவலரிடம் கொடுத்து, அவர் சொல்லும் பெயரை நாம் எழுதிக்கொள்வதும் பயிற்சிதான். யார் யாருக்குப் பயிற்சி தருகிறார்கள் என்பதை விட்டுவிடுவோம்.

*

தெரிந்தே வெள்ளையாக விடவேண்டிய இடங்களும் உண்டு. முதுமலையை ஒட்டிய மாயாற்றங்கரை நீர்மருது மரங்களில் பாறுக் கழுகுகள் கூடு கட்டுகின்றன. ஆள் நடமாட்டம் அவற்றுக்கு ஆகாது. கூட்டின் இருப்பிடத்தைப் பாகையில் ஐந்து தசம இடங்கள்வரை எழுதினால் மரத்தடிக்கே ஏறக்குறைய ஒரு மீட்டர் கணக்கில் வழி சொன்னதாகும். இரண்டு தசமம் என்றால் ஒரு கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் தேட வேண்டும். வனத்துறைக் கோப்புக்கு ஐந்து, வெளியே போகும் வரைபடத்துக்கு இரண்டு. குஞ்சு பொரிக்கும் காலத்தில் நீள லென்ஸோடு வந்து விசாரிப்பவருக்கு, மாயாறு என்று சொன்னால் போதும்.